சலவை இயந்திரம் ஒழுகுகிறது, புதிது வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

6 அக்டோபர் 2025, மாலை 6.40. சிங்கப்பூர், செங்காங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டது

முன்பக்கக் கதவு வைத்த இயந்திரம். 8 கிலோ. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. போன வாரத்திலிருந்து துவைக்கும்போதெல்லாம் முன்பக்க இடது மூலையில் தண்ணீர் தேங்குகிறது, கிட்டத்தட்ட ஒரு வாளி. பழுதுபார்ப்பவரை அழைத்தோம். ஐந்து நிமிடம் பார்த்தார். கீழே ஒரு மூடியைத் திறந்து பார்த்து மூடினார். "டிரம் சீல் போய்விட்டது, 380 வெள்ளி ஆகும், அதற்குப் புதிதே வாங்கிவிடலாம்" என்றார். வந்து பார்த்ததற்கு 50 வெள்ளி வாங்கிக்கொண்டு போய்விட்டார். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. திரைச்சீலைகளைக் கழற்றிக் குவித்து வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வாங்கிவிடலாமா?

6 அக்டோபர், இரவு 9.15

வாங்காதீர்கள் தங்கச்சி. மூன்று நாளாவது பொறுங்கள்.

டிரம் சீல் என்பது டிரம்முக்குப் பின்னால் நடுவில், அச்சு வெளியே வரும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம். அது போனால் தண்ணீர், அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குக்குள் இறங்கும். பேரிங் துருப்பிடிக்கும். பிழியும் நேரத்தில் சாங்கியில் விமானம் கிளம்புவதுபோல் சத்தம் வரும். உங்கள் இயந்திரம் அப்படிக் கத்துகிறதா? கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். வெளித்தொட்டியும் சேர்ந்து ஊஞ்சல்போல் ஆடினால் பயமில்லை. டிரம் மட்டும் தனியாக லொடலொட என்று ஆடினால் அந்த ஆள் சொன்னது சரி, போய்ப் புதிது வாங்குங்கள்.

நான் கப்பல் பட்டறையில் 22 வருடம் பம்பு பிரித்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மேலாள் ஒழுகுகிற பம்புக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார். கையில் ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார் என்றார். எந்த நேரத்தில் சொட்டுகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றாதே என்பது அவர் கட்டளை. சலவை இயந்திரத்துக்கும் அதேதான்.

பழைய தமிழ் முரசு நாலைந்து தாள் எடுத்து இயந்திரத்துக்கு அடியிலும் சுற்றிலும் பரப்புங்கள். துணி போடாமல் ஒரு சுற்று ஓடவிடுங்கள். பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருங்கள். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அதன்மேல் நேரத்தை எழுதுங்கள். ஓடாமல் சும்மா இருக்கும்போதே நனைந்தால் பின்பக்கக் குழாய் இணைப்பு, அல்லது உள்ளே வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு. தண்ணீர் நிரம்பும் முதல் மூன்று நான்கு நிமிடத்தில் என்றால் சோப்புத்தூள் இழுப்பறையையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். புரட்டிப் புரட்டித் துவைக்கும்போது என்றால் கதவு ரப்பர் (கதவு வாயைச் சுற்றியிருக்கும் மடிப்பு ரப்பர்), தொட்டிக்குப் போகும் குழாய்கள். தண்ணீரை வெளியேற்றும்போது என்றால் பம்பு, அதன் வடிகட்டி, கழிவுநீர்க் குழாய். வேகமாகப் பிழியும்போது மட்டும் என்றால் அந்த சீல், இல்லையேல் ஆட்டத்தில் தளர்ந்த ஏதாவது ஒரு பிடிப்பு வளையம்.

6 அக்டோபர், இரவு 9.50

முதலில் சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன். கையை உள்ளே விடுவதற்கு முன் சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி விடுங்கள். 230 வோல்ட். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கவே நிற்காதீர்கள். உங்கள் மின்பெட்டியில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி இருக்கும், அதில் ஒரு சின்னச் சோதனைப் பொத்தான் உண்டு. அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய சில வீடுகளில் அது இல்லாமலே இருந்தது. இந்த ஆண்டு ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். செங்காங் புது ஊர், உங்களுக்கு இருக்கும். என் வீடு ஈசூனில், பழைய புளோக்.

7 அக்டோபர், காலை 7.20

இடது மூலையில் தண்ணீர் நிற்பதால் இடது பக்கம்தான் ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் துணி துவைக்கும் இடத்தின் தரை, வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். தண்ணீர் தாழ்வைத் தேடிப் போகும். தேங்கும் இடத்துக்கும் ஒழுகும் இடத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

7 அக்டோபர், இரவு 10.30

தங்கச்சி சொன்னதைச் செய்கிறவர். மூன்றாவது நிமிடம், முன்பக்கத் தாள், நுரையோடு ஈரம் என்று படம் எடுத்தே அனுப்பிவிட்டார். டிரம் ஆட்டிப் பார்த்ததும் சரியாகத்தான் இருக்கிறதாம். விமானச் சத்தமும் இல்லையாம். 380 வெள்ளி மிச்சம்.

இது இழுப்பறை. வெளியே இழுத்து, நடுவில் இருக்கும் நாக்கை அழுத்தினால் முழுவதும் கையோடு வந்துவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றும் பள்ளத்தில் பழைய களிபோல் ஏதோ உறைந்திருக்கும். வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். அதோடு முடியவில்லை. இழுப்பறை இருந்த பொந்துக்குள் டார்ச் அடித்து மேல்கூரையைப் பாருங்கள். அங்கே வரிசையாகச் சிறு ஓட்டைகள் இருக்கும், அவற்றின் வழியாகத்தான் தண்ணீர் மழைபோல் இறங்கிச் சோப்புத்தூளை அடித்துக்கொண்டு போகிறது. பாதி ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் மீதி ஓட்டைகளிலிருந்து தண்ணீர் கோணலாகப் பீய்ச்சும், இழுப்பறை விளிம்பைத் தாண்டி முன்னால் வழியும்.

யார் சோப்புத்தூள் போடுகிறார்கள், எவ்வளவு போடுகிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டேன். மாமியார், ஒரு கை நிறைய என்று பதில் வந்தது. கை அளவு மேலிருந்து துணி போடும் இயந்திரத்துக்குச் சரி, அது தொட்டி நிறையத் தண்ணீர் பிடிப்பது. முன்கதவு இயந்திரம் அதில் ஒரு பங்குத் தண்ணீரில் வேலையை முடிப்பது. அதற்கான தூளை, சொன்ன அளவு மட்டும் போடுங்கள். மாமியாரிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

8 அக்டோபர், பகல் 1.05

துவாஸில் இந்தத் தொழிலையே செய்யும் தம்பி ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். சீல் ஒழுகினால் சத்தம் வந்தே தீரும் என்பதுபோல் நான் எழுதியது தவறு. ஆரம்பத்தில் சத்தமே இருக்காது, பின்பக்கம் நடுவிலிருந்து கீழாகப் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும், பின்தகட்டைக் கழற்றினால்தான் தெரியும் என்கிறார். அந்தத் தண்ணீர் தொட்டியின் வயிற்றை ஒட்டியே வழிந்து முன்பக்கம் வந்து சொட்டுவதும் உண்டாம். ஒப்புக்கொள்கிறேன். பம்பு வேறு, இது வேறு. ஆனால் நேரத்தைப் பார் என்பதில் அவரும் என் கட்சி.

9 அக்டோபர், இரவு 11.00

இழுப்பறையைச் சுத்தம் செய்தபின் மூன்றாவது நிமிடத்துத் தண்ணீர் நின்றுவிட்டதாம். ஆனால் 42வது நிமிடத்தில் தாள் மறுபடி நனைகிறது. நுரை இல்லாத தண்ணீர். முன்பைவிடக் குறைவு, இரண்டு குவளை.

ஒரு நோயாளிக்கு இரண்டு நோய் இருக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. இது கதவு ரப்பர்தான் தங்கச்சி, சந்தேகமே வேண்டாம். மடிப்பை விரித்து விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். நம் வீடுகளில் ரப்பரைக் கொல்வது ஊக்கு. துப்பட்டாவில், புடவை முந்தானையில் குத்தியதை எடுக்காமல் அப்படியே உள்ளே போடுகிறோம்.

11 அக்டோபர், சனிக்கிழமை, காலை 11.40

ஊருக்கு உபதேசம் செய்தவன் வீட்டில் வெள்ளம். நான் சொல்வது கதை இல்லை, காலைப் பசியாறிக்கொண்டிருந்தபோது மனைவி கூப்பிட்டார், போய்ப் பார்த்தால் துணி துவைக்கும் இடம் முழுவதும் தண்ணீர், என் செருப்பு மிதக்கிறது. என் வீட்டுத் திரைச்சீலைகளும் தீபாவளிக் குளியலில்தான் இருந்தன.

தண்ணீரைத் துடைத்துவிட்டு ரப்பரை விரித்துப் பார்த்தேன். இருக்கிறது! கடிகாரத்தில் 2 மணி காட்டும் இடத்தில் ஒரு கீறல், அரை விரல் நீளம். கீழ் மடிப்பில் ஒரு ஊக்கு. செங்காங் தங்கச்சிக்கு நான் சொன்ன அதே ஊக்கு. அப்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மனைவி ரசிக்கவில்லை. புது ரப்பர் வாங்க ஜாலான் புசார் பக்கம் போகிறேன், மற்றதை வந்து சொல்கிறேன்.

12 அக்டோபர், ஞாயிறு, இரவு 8.30

கதவு ரப்பர் 58 வெள்ளி. இயந்திரத்தின் மாதிரி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போனதால் அலைச்சல் இல்லை. எண் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும். ரப்பரைக் கையில் தூக்கிக்கொண்டு போய் இதுபோல் ஒன்று வேண்டும் என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மாற்றும் வேலையை யாரும் அரை மணி நேர வேலை என்று சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு மூன்று மணி நேரம். முன்விளிம்பைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தில் கீழே ஒரு சிறு ஸ்பிரிங் இருக்கும். அதைத் திருப்புளியால் நெம்பினால் வளையம் கழன்றுவிடும், அது சுலபம். உள்விளிம்பு தொட்டியின் வாயைக் கவ்விக்கொண்டிருக்கிறதே, அதன் வளையம்தான் வில்லன். மேல்தகட்டைக் கழற்றி, மேலிருந்து கையை விட்டு, பார்க்காமல் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய ரப்பர் வந்த பிறகு தொட்டியின் உதட்டைத் துடைத்தேன். துணியில் கறுப்பாகக் கூழ்போல் வந்தது, ஏழு வருட அழுக்கு, குளத்து அடிச்சேற்றின் வாடை.

புது ரப்பரில் ஒரு முக்கோணக் குறி இருக்கும். அது உச்சியில், தொட்டியில் இருக்கும் குறிக்கு நேராக வர வேண்டும். அப்போதுதான் வடியும் ஓட்டைகள் அடியில் வந்து நிற்கும். நான் முதல் தடவை தலைகீழாக மாட்டினேன். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். வளையத்தை மாட்ட நாலு கை வேண்டும். மனைவி ஒரு பக்கம் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடிக்க, நான் மறுபக்கம் குறடால் ஸ்பிரிங்கை இழுக்க, அது நழுவி என் விரல் முட்டியில் விழுந்தது. நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அம்மா கூடத்தில் இருந்து, "அப்பன் ஞாபகம் வருகிறது" என்றார்.

13 அக்டோபர், காலை 6.10

ஒழுகுகிறது.

13 அக்டோபர், இரவு 9.00

காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் ஒரு வார்த்தையோடு விட்டேன். புது ரப்பர் போட்டும் அதே அளவு தண்ணீர், அதே இடத்தில். ரப்பரில் குறை இல்லை, விளிம்பைச் சுற்றி விரல் வைத்துப் பார்த்தேன், காய்ந்து கிடக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முறைக்கு ஏறக்குறைய 8 லிட்டர் வீணாகிறது. இந்த ஏப்ரலிலிருந்து தண்ணீர் ஒரு கன மீட்டர் 3 வெள்ளி 24 காசு. அப்படியென்றால் ஒரு துவைப்புக்கு 26 காசு தரையில் கொட்டுகிறோம்.

அம்மாவுக்கு 82 வயது. ஒழுகிய தண்ணீரை நான் துடைப்பத்தால் தள்ளிவிடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. மாப்பில் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்து வைத்துக்கொண்டு, அதே தண்ணீரால் வீட்டு வாசலைக் கழுவுகிறார். 1963இல் இங்கே தண்ணீர்ப் பங்கீடு வந்ததே, கிட்டத்தட்ட பத்து மாதம், அப்போது அவருக்கு 20 வயது. வாளியோடு வரிசையில் நின்ற கை. அந்தக் காலத்தில் துணி எங்கே துவைத்தீர்கள் என்று என் மகள் கேட்டாள். பொதுக் குழாயடியில் என்றார். தோபி காட் என்ற பெயரே அங்கே ஓடையில் துணி வெளுத்த நம் ஊர்ச் சலவைக்காரர்களால் வந்தது என்று நான் எடுத்துவிட்டேன். "அவர்கள் தரை ஒழுகவில்லையே" என்றாள் மகள்.

14 அக்டோபர், காலை 7.45

கணக்கில் தப்பு. ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர். 8 லிட்டருக்கு 2.6 காசுதான், ஜிஎஸ்டி சேர்க்காமல். புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டேன். மூன்று பேர் சுட்டிக்காட்டினார்கள், நாலாவது ஆள் என் மனைவி. 2.6 காசை மிச்சப்படுத்த 58 வெள்ளி செலவழித்த மேதை என்று இப்போது வீட்டில் எனக்குப் பெயர்.

15 அக்டோபர், இரவு 10.15

கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. கண்டுபிடித்தது மனைவி.

மூன்று நாளாக நான் இயந்திரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் தரையில் நின்ற தண்ணீரைக் குனிந்து முகர்ந்தார். "இது துணி துவைத்த வாசமா? சாக்கடை வாசம்" என்றார். அப்புறம் கேட்டார், "எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. ஊர் முழுவதும் தாள் விரிக்கச் சொன்ன நான் என் வீட்டில் ஒரு தாளும் விரிக்கவில்லை. ஊக்கையும் கீறலையும் பார்த்த சந்தோஷத்தில் கடிகாரம் மறந்துவிட்டது. இன்று உட்கார்ந்து பார்த்தேன். 39வது நிமிடம். டிரம் நிற்கிறது, பம்பு ஹூம் என்று இரைகிறது, கழிவுநீர்க் குழாய் ஒரு முறை துள்ளுகிறது, தரை வடிகாலின் சல்லடை வழியாகத் தண்ணீர் மேலே கொப்பளித்து வருகிறது. இயந்திரத்தில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. வெளியே தள்ளிய தண்ணீரைத்தான் வடிகால் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

சல்லடையைத் தூக்கி, அடியில் வாசத்தையும் கரப்பானையும் தடுக்கும் கிண்ணத்தைத் திருகி எடுத்தேன். கையை விட்டால் ஏதோ எலி மாதிரி வந்தது. பஞ்சு, தலைமுடி, சோப்புப் பிசுக்கு எல்லாம் திரண்டு ஒரு சடை. நடுவே திரைச்சீலைக் கொக்கி இரண்டு, ஐந்து காசு ஒன்று, என் மகள் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த தோட்டின் திருகாணி. சின்னத் தண்ணீருக்கு அது வழி விட்டிருக்கிறது. கை கழுவினால், தரை கழுவினால் மெதுவாகப் போய்விடும். பம்பு ஒரே மூச்சில் தள்ளும்போது தாங்கவில்லை.

ரப்பரில் இருந்த கீறல்? 2 மணி இடத்தில் அல்லவா. முன்கதவு இயந்திரத்தில் துவைக்கும் தண்ணீர் அந்த உயரத்துக்கு வராது, தெறிக்கும் துளிதான் படும். அந்தக் கீறல் எத்தனை வருடமாக இருந்ததோ.

16 அக்டோபர், அதிகாலை 5.30

தூக்கம் வரவில்லை. செங்காங் தங்கச்சியின் 42வது நிமிடம். அதுவும் தண்ணீர் வெளியேறும் நேரம்! துவைக்கும் நேரம் அல்ல. நான் எழுதிய விதிப்படி பம்பும் வடிகட்டியும் கழிவுநீர்க் குழாயும். நானோ சந்தேகமே வேண்டாம், ரப்பர் என்று எழுதியிருக்கிறேன். அவர் ரப்பர் வாங்கிவிட்டாரா? தயவுசெய்து வாங்காதீர்கள். முதல் கேள்வியை மறுபடி படித்தேன். "கீழே ஒரு மூடியைத் திறந்து பார்த்து மூடினார்." அதுதான் வடிகட்டி மூடி. அதை முதலில் பாருங்கள். திறக்குமுன் தட்டையான பாத்திரம் ஒன்று அடியில் வையுங்கள், உள்ளே மிச்சத் தண்ணீர் இருக்கும்.

16 அக்டோபர், இரவு 8.20

பார்த்துவிட்டார். மூடியின் மரை கோணலாக ஏறியிருக்கிறது, ரப்பர் வளையத்தின்மேல் ஒரு நீல நூல். அவ்வளவுதான். நூலை எடுத்து, வளையத்தைத் துடைத்து, முதலில் இடப்பக்கம் சற்றுத் திருப்பி மரை உட்கார்ந்த பிறகு வலப்பக்கம் இறுக்கியிருக்கிறார். தாள் நனையவில்லை. செலவு பூஜ்யம். வந்தபோது இருந்த ஒழுக்கை அந்த ஆள் பார்க்கவில்லை, போகும்போது புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார், 50 வெள்ளிக்கு. நான் அதற்குமேல் 58 வெள்ளி செலவு வைக்கப் பார்த்தேன். இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நான் காசு வாங்கவில்லை.

18 அக்டோபர், சனிக்கிழமை, மாலை 4.00

கீழ்வீட்டு மாக்சிக் (மலாய்ப் பெரியம்மா) கதவைத் தட்டினார். அவர் வீட்டுக் கூரையில் ஒரு தட்டு அளவுக்குக் கறை. முன்பே பார்த்திருக்கிறார், சொல்லச் சங்கடப்பட்டிருக்கிறார். போய்ப் பார்த்தேன். நம் வீட்டு வடிகாலின் வளைகுழாய் அவர் கூரையில்தான் தொங்குகிறது, எங்கள் மாதிரிப் பழைய புளோக்குகளில் அப்படித்தான். குழாயைச் சுற்றிக் கறை.

இந்த விஷயத்தில் பலருக்குக் குழப்பம் இருப்பதால் சொல்கிறேன். கூரைக் கசிவை விசாரித்துச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் சேர்த்துத்தான். தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு வயதாகித் தேய்ந்து கசிந்தால், வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை இரு வீட்டாரும் ஆளுக்குக் கால்வாசி. நான் தரையில் குளம் கட்டி வைத்தது அந்தக் கணக்கில் வராது என்று எனக்கே தெரியும். ஒரு வாரம் பார்ப்போம், காயவில்லை என்றால் கிளை அலுவலகத்துக்குப் போகலாம், காய்ந்தால் சாயம் நான் அடிக்கிறேன் என்றேன். மாக்சிக், "தீபாவளி முடியட்டும்" என்றார்.

20 அக்டோபர்

தீபாவளி வாழ்த்துகள். செங்காங்கில் திரைச்சீலை மாட்டியாகிவிட்டதாம். எங்கள் வீட்டில் இன்னும் ஒன்று மூங்கில் கழியில் தொங்குகிறது.

2 நவம்பர், ஞாயிறு, பகல் 12.30

பாக்கி வைத்தவை சில.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒருவர்: ஒழுகவில்லை, ஆனால் ஒரு துவைப்பு மூன்று மணி நேரம் போகிறது, தண்ணீர்க் கட்டணம் ஏறுகிறது என்கிறார். உங்கள் கழிவுநீர்க் குழாய் எப்படிப் போகிறது? இயந்திரத்தின் பின்னாலிருந்து நேராகத் தரையில் படுத்து வடிகாலுக்குள் போகிறதா? அப்படியென்றால் நிரம்ப நிரம்பத் தண்ணீர் தானாகவே உறிஞ்சிக்கொண்டு வெளியேறும், இயந்திரம் போதவில்லை என்று நினைத்து மேலும் பிடிக்கும். குழாயை முதலில் இடுப்புயரத்துக்கு, ஏறக்குறைய 60 முதல் 100 சென்டிமீட்டர் வரை தூக்கி வளைத்துக் கட்டி, அப்புறம் கீழே இறக்குங்கள். உங்கள் கையேட்டில் சரியான உயரம் போட்டிருக்கும்.

கதவு ரப்பரை வாரம் ஒரு முறை வினிகரால் துடையுங்கள் என்று வேறொருவருக்கு நான் சொல்லியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். அடிக்கடி போட்டால் ரப்பருக்கே ஆகாது, துவாஸ் தம்பி மறுபடியும் பிடித்துவிட்டார். துவைத்து முடிந்ததும் மடிப்பை உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு, கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மூடிய கதவுக்குள் பூசணம் வராமல் என்ன வரும்?

உண்மையிலேயே இயந்திரம் போய்ப் புதிது வாங்குகிறவர்கள் பழையதைத் தூக்கிப் போகக் காசு கொடுக்காதீர்கள். 2021 ஜூலையிலிருந்து, புதிதைக் கொண்டுவந்து இறக்கும் கடைக்காரர் அதே வகைப் பழையது ஒன்றை இலவசமாக எடுத்துப் போக வேண்டும்.

மாக்சிக் வீட்டுக் கறை காய்ந்துவிட்டது. நேற்று ஏணி போட்டுச் சாயம் அடித்தேன். என் வெள்ளையும் அவர் கூரையின் வெள்ளையும் ஒட்டவில்லை, நிலா மாதிரி ஒரு வட்டம் தெரிகிறது. பரவாயில்லை என்று ரெண்டாங் கறி கொடுத்தனுப்பினார். மாட்டிறைச்சி இல்லை, கோழிதான், எங்களுக்காக.

9 நவம்பர், காலை 9.15

பழைய ரப்பரை என்ன செய்தீர்கள் என்று யாரோ கேட்டிருந்தீர்கள். குற்றமற்ற ரப்பர் அல்லவா, குப்பையில் போட மனம் வரவில்லை. அம்மா அதை எடுத்துப்போய்த் தாழ்வாரத்தில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பிரிமணையாக வைத்துவிட்டார். கச்சிதமாகப் பொருந்தியது. செடிக்குத் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மடிப்பு முழுவதும் தண்ணீர் நிற்கிறது, சொட்டுக்கூடக் கீழே இறங்கவில்லை. வடியும் ஓட்டைகள் எங்கே என்று பார்த்தேன். அடியில் இருந்த மூன்றையும் மண் அடைத்திருந்தது. கொசுப்புழு பார்க்க தேசியச் சுற்றுப்புற வாரியத்து ஆட்கள் வந்தால் அபராதம் எனக்குத்தான். ஊசியைச் சூடுபடுத்திச் சுற்றிலும் எட்டு ஓட்டை போட்டேன். இப்போது நன்றாக ஒழுகுகிறது.